வசனத்தின் காலத்தில் ஓர் உடல்: ஜே.பி. சந்திரபாபு



சென்ற ஆண்டு மழைக்காலத்தில், சின்னக்கானலில் எங்கள் அம்மாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை சோர்ந்தது, பேச்சு போயிற்று. எஞ்சியது ஒரே ஒரு சொல்: ‘இந்தா’. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘இந்தா’, வலித்தாலும் ‘இந்தா’, என்னைக் கூப்பிடவும் ‘இந்தா’. 1861இல் பாரிசு மருத்துவர் ப்ரோகா ஆராய்ந்த நோயாளியைப் பற்றி முதுகலை மொழியியல் வகுப்பில் படித்திருக்கிறேன். அவருக்கு எஞ்சியிருந்தது ‘டான்’ என்னும் ஓரசை மட்டுமே; மற்றவர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. பாடநூலில் அரைப்பக்கமாக இருந்த செய்தி, இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தது.

ஒரு மாலை, பொழுது போகட்டுமே என்று கைபேசியில் ‘சபாஷ் மீனா’ படத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். அம்மாச்சி சிரித்தார். நோய் வந்தபின் அவர் சிரித்தது அன்றுதான். வீட்டார் மகிழ்ந்தனர், எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழுந்தது. வசனம் முடிகிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. சந்திரபாபு தோளைக் குலுக்கும் இடத்தில், நடந்துகொண்டே திரும்பும் இடத்தில், ஒரு காலை முன்வைத்து மறுகாலை இழுக்கும் இடத்தில் சிரித்தார். மறுநாள் ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டேன். அதே இடங்களில்தான் சிரித்தார்.

இந்தப் பதிவு அந்த ஐயத்திலிருந்து பிறந்தது. சந்திரபாபுவை நாம் பாடகராக நினைவுகூர்கிறோம். துயர வாழ்வு வாழ்ந்தவராக நினைவுகூர்கிறோம். பேசாப்படக் காலத்து நகைக்கலையைப் பேசும் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய உடற்கலைஞராக அவரை வாசித்தால் தமிழ்த் திரை வரலாற்றில் எது மாறித் தெரிகிறது என்பதே என் கேள்வி.

1

பின்னணியிலிருந்து தொடங்குகிறேன். தென்னிந்தியாவில் சினிமா சொல்லில்லாமல்தான் வந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். 1910களின் பிற்பகுதியில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தார். திரையில் ஓடிய எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்கருகில் நின்று ஒருவர் கதையை விளக்கிச் சொல்லும் வழக்கமும் இருந்தது.

பேசாப்படத்தின் பெருந்திறம் அதன் மௌனத்தில் இருந்தது. அமெரிக்க நகரங்களின் மலிவுக் கொட்டகைகளை நிறைத்தவர்களில் பெரும்பகுதியினர் ஆங்கிலம் அறியாத குடியேறிகள். இத்தாலியரும் யூதரும் போலந்துக்காரரும் அருகருகே அமர்ந்து ஒரே நொடியில் சிரித்தனர். 1914இல் நாடோடி வேடம் பூண்ட சார்லி சாப்ளினும் இலண்டனின் வறுமையிலிருந்து வந்த குடியேறிதான். 1917இல் அவர் எடுத்த படமொன்றின் பெயரே ‘குடியேறி’. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கியவன் முதலில் மனிதர்களின் உடலைத்தான் வாசிக்கிறான். எதிரே வருபவர் அடிப்பாரா அணைப்பாரா என்பதைத் தோளும் கையும் சொல்லிவிடும், அகராதி தேவையில்லை.

1927 அக்டோபரில் அமெரிக்காவில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானது. திரை பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கியதும் மொழிவாரியாகப் பிரிந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்ட ‘காளிதாஸ்’ இந்தப் பிரிவினையின் நடுவில் நிற்கும் விந்தைப் படம். தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் கொண்டாடும் அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடை கூறினார். நம் முதல் பேசும் படமே ஒற்றை மொழியில் பேசவில்லை. இரண்டு மொழிகளுக்கிடையே வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி தனி ஆறுதல்.

அதே 1927ஆம் ஆண்டு ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழாவை ஒட்டி, தூத்துக்குடிப் பரதவர் குடும்பமொன்றில் ஒரு குழந்தை பிறந்தது. ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிக்ஸ். சிறு வயதில் கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்ததால், இறைவன் இட்ட பிச்சை என்று ‘ஜோசப் பிச்சை’ எனவும் வீட்டார் அழைத்தனர். அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள்: விவிலியம், தூத்துக்குடியின் மாதா, வடமொழி, வங்காளத்து ‘பாபு’, போர்த்துகீசியம். ஒரு துறைமுகத்தின் மொழி வரலாறு முழுவதும் ஒரு மனிதரின் பெயருக்குள் அடங்கிவிட்டது.

2

தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டக்காரர். ‘சுதந்திர வீரன்’ என்ற இதழை நடத்தியவர். 1929இல் சிறைப்பட்டார், அச்சகம் பறிபோனது. குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். சிங்களமும் ஆங்கிலமும் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் ஒரே தெருவில் உரசிக்கொள்ளும் துறைமுக நகரம் அது; மேனாட்டு இசைத்தட்டுகளும் ஹாலிவுட் படங்களும் கப்பலிலிருந்து நேராக இறங்கிய நகரம். 1932இல் உலகப் பயணம் வந்த சாப்ளின் அந்தக் கொழும்பில் இறங்கிக் கண்டிவரை சென்றார். அப்போது சந்திரபாபுவுக்கு வயது 4. இது தற்செயல்; இதன் தலையில் பெரிய பொருள் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் சாப்ளினின் உலகம் எவ்வளவு அருகில் இருந்தது என்பதை இத்தற்செயல் காட்டுகிறது.

1943இல் குடும்பம் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை ‘தினமணி’யில் பணிக்குச் சேர்ந்தார். 16 வயதுப் பையனின் செவியில் மூன்று வேறு தமிழ்கள் இருந்தன: தூத்துக்குடிக் கடற்கரையின் தமிழ், கொழும்புத் தமிழ், திருவல்லிக்கேணித் தமிழ். மூன்றில் எதுவும் அன்றைய மேடைத் தமிழில்லை.

1947இல் ‘தன அமராவதி’யில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் நீண்ட காத்திருப்பு. 1952இல் ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முடியாத விரக்தியில் அந்த ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்; காப்பாற்றப்பட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதியின் முன் அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, சுடுவதை நீங்கள் பார்க்கலாம், அதன் வலியை உணர முடியாது என்ற பொருளில் பேசினார் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அது எந்த அளவுக்கு நடந்தது என்பதைவிட, ஏன் அவரைப் பற்றி இப்படியொரு கதை நிலைத்தது என்பது எனக்கு முக்கியம். வாதத்தைச் சொல்லால் முடிக்காமல் உடலால் செய்துகாட்டும் மனிதராகவே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வாய்ப்பு அமைந்தது.

3

இப்போது 1952ஆம் ஆண்டை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு தீபாவளியில்தான் ‘பராசக்தி’ வெளியானது. அதற்கு முன் 1949இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’. பின் 1954இல் ‘மனோகரா’. அடுக்குமொழியும் எதுகைமோனையும் திரையை ஆண்ட பத்தாண்டு அது. வசனங்கள் புத்தகமாக விற்றன, இசைத்தட்டாக ஒலித்தன, பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்து விழாக்களில் முழங்கினர். ஒரு மொழிச் சமூகம் தன் மொழியின்மேல் தன்னம்பிக்கை கொள்ளத் திரைப்படத்தைக் கருவியாக்கிய அரிய வரலாற்றுத் தருணம் அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கத்தில், மலையாளப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே பிறந்தவர்களுக்கு அந்தத் தமிழ் முழக்கம் என்ன கொடுத்தது என்பதை நான் அறிவேன். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வசனங்களே தாய்மொழி வகுப்பாக இருந்தன.

ஆயினும் நகைச்சுவைக்கு என்ன ஆயிற்று? அதுவும் சொல்லைச் சார்ந்தே இயங்கியது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மாபெரும் கலைஞர். ‘இந்தியாவின் சாப்ளின்’ என்ற அடைமொழியும் அவருக்கு வழங்கியது. ஆனால் அவருடைய நகை அடிப்படையில் உரையாடலின் நகை. வில்லுப்பாட்டு மரபிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தவர் அவர். கேள்வியும் மறுமொழியும், கதையும் அறிவுரையும், சிலேடையும் பாட்டும் அவருடைய கருவிகள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கலைவாணரின் நகைச்சுவை பெரும்பகுதி விளங்கும்.

சந்திரபாபுவை அப்படிக் கேட்க முடியாது, பார்த்தாக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் அவருடைய வரலாற்று இடம் இருக்கிறது. கதாநாயகன் நேராக நின்று, மார்பை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தி முழங்கும் சட்டகத்துக்குள் எலும்பே இல்லாததுபோல் வளைந்து நெளியும் உடலொன்று நுழைகிறது. கதாநாயகனின் உடல் சொல்லைத் தாங்கும் தூண். சந்திரபாபுவின் உடலோ சொல்லுக்கு முன்னால் ஓடிவிடும். சொல் பின்னால் மூச்சுவாங்க வந்து சேரும். அம்மாச்சி சிரித்த இடங்கள் அந்த இடைவெளியில்தான் இருந்தன.

1958இல் வந்த ‘சபாஷ் மீனா’ இதற்குச் சிறந்த சான்று. பி.ஆர். பந்துலு இயக்கிய படம். நாயகன் சிவாஜி கணேசன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒருவன் படித்த இளைஞன். மற்றவன் ரிக்‌ஷா இழுப்பவன், சென்னைத் தெருத்தமிழ் பேசுபவன். ஒரே முகம், ஒரே உயரம். யார் எவர் என்பதை உடை சொல்லும், பேச்சு சொல்லும். அவற்றுக்கு முன்பே நடை சொல்லிவிடும். பாரம் இழுத்துப் பழகிய தோள் ஒரு மாதிரி நிற்கும். பாரமறியாத தோள் வேறு மாதிரி நிற்கும். வர்க்க வேறுபாட்டை எந்த வசனமும் இல்லாமல் முதுகெலும்பில் காட்டிய நடிப்பு அது. இதே கதையைப் பந்துலு 1962இல் இந்தியில் ‘தில் தேரா தீவானா’ என்று எடுத்தபோது சந்திரபாபுவின் வேடத்தை ஏற்ற மெஹ்மூத் சிறந்த துணைநடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். 1996இன் ‘உள்ளத்தை அள்ளித்தா’ வரை அந்தக் கதைக்கரு பயணம் செய்தது.

1959இல் ஏ.வி.எம்.மின் ‘சகோதரி’. எடுத்து முடித்த படம் தொய்வாக இருப்பதாகக் கருதிய நிறுவனத்தார், பால்காரனாகச் சந்திரபாபு வரும் நகைச்சுவைப் பகுதியை எழுதிச் சேர்த்தனர். படம் பிழைத்தது என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. வசனத்தால் எழுப்பிய கட்டடம் சாயும்போது முட்டுக்கொடுக்க ஓர் உடலைத் தேடினார்கள்.

4

ஆய்வு மாணவர்களுக்காக இங்கே ஒரு கிளைவழி. மேனாட்டு நகைச்சுவைக் கோட்பாடுகளை மேற்கோள் காட்ட நாம் விரைகிறோம். நம் வீட்டுப் பரணில் இருப்பதை மறந்துவிடுகிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் தலையாய் நிற்பது நகை. மெய்ப்பாடு என்ற சொல்லையே கவனியுங்கள். மெய் என்றால் உடல். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவது மெய்ப்பாடு. நகையை நம் இலக்கணம் சொல்லணியின் கீழ் வைக்கவில்லை. உடலின் கீழ் வைத்திருக்கிறது.

நகை பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது. பிறரை இகழ்வதில் பிறப்பது எள்ளல். குழந்தைத்தன்மையில் பிறப்பது இளமை. அறியாமையில் பிறப்பது பேதைமை. சொன்னதை அப்படியே நம்பிவிடுவதில் பிறப்பது மடன். தமிழ்த் திரை நகைச்சுவையின் பெரும்பகுதி எள்ளலில் தங்கிவிட்டது. கறுப்பு நிறம், பருத்த உடல், திக்குவாய், வட்டாரப் பேச்சு என எதையாவது எள்ளித்தான் கொட்டகை சிரித்தது. எல்லைப்புறத் தமிழும் இதற்குத் தப்பவில்லை. மலையாள ராகம் கலந்த என் பேச்சைக் கேட்டு ஒரு கருத்தரங்கில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அது எந்தக் களத்தில் பிறந்த நகை என்று எனக்கு யாரும் வகைப்படுத்திக் காட்ட வேண்டியதில்லை.

சந்திரபாபுவின் நகை பெரும்பாலும் இளமையிலும் மடனிலும் பிறப்பது. அவருடைய பாத்திரங்கள் உலகை நம்பி அடியெடுத்து வைப்பவை, தரை வழுக்கும், மீண்டும் நம்பி மறு அடி வைப்பவை. விழுகிறவன் அவரே ஆதலால் பார்ப்பவர் எவரும் விழவேண்டியதில்லை. ரிக்‌ஷாக்காரனின் பேச்சை அவர் பேசிய முறையிலும் இதைக் காணலாம். அந்தப் பேச்சை அவர் வெளியே நின்று நையாண்டி செய்யவில்லை. அதற்குள்ளே புகுந்து வாழ்ந்தார். கொழும்பிலிருந்து வந்து, காதால் கற்று, சென்னையின் அடித்தளத் தமிழுக்குத் திரையில் மதிப்பான இடம் பெற்றுக்கொடுத்தவர் ஒரு குடியேறி. அந்த ஊர்க்காரருக்கு அது வெறும் தெருப்பேச்சு. வந்து சேர்ந்தவனுக்கோ அது ஓர் இசை.

5

இனி குரல். உடற்கலைஞர் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும், ஏனென்றால் அவருடைய குரலும் உடலின் நீட்சியாகவே இயங்கியது. 1954இல் ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்காக அவர் பாடியபோது, திரையில் இல்லாமலேயே அவர் ஆடுவது கேட்டது. ‘மரகதம்’ (1959) படத்தில் ஜமுனாராணியுடன் பாடிய இணைப்பாடலை இன்றும் கல்லூரி விழாக்களில் கேட்கிறோம்.

தமிழ்த் திரையில் யோடலிங் என்னும் பாடுமுறையைப் பரவச் செய்தவர் அவர். நெஞ்சுக்குரலிலிருந்து பொய்க்குரலுக்கும் அங்கிருந்து மீண்டும் நெஞ்சுக்குரலுக்கும் நொடிக்கொருமுறை தாவுவது அதன் நுட்பம். மற்ற பாடகர்கள் மறைக்க முயலும் குரல்முறிவை இங்கே பாடகர் வெளிச்சம்போட்டுக் காட்டுகிறார். வழுக்கி விழுவதை நடனமாக்குவதும் குரல் உடைவதை இசையாக்குவதும் ஒரே கலைத்தத்துவம். ஒலியியல் நோக்கில் இதில் சொல் இல்லை; பொருள் இல்லை; உயிரொலிகளின் ஏற்ற இறக்கம் மட்டுமே. தாழ்ந்த சுரத்தில் ஆகாரமும் ஓகாரமும், உயர்ந்த சுரத்தில் இகரமும் வந்து நிற்கும்.

யோடலிங் பிறந்த இடம் ஆல்ப்ஸ் மலை. ஒரு சரிவில் மாடு மேய்ப்பவர் எதிர்ச்சரிவில் இருப்பவரை அழைக்கக் கையாண்ட கூவல் அது. மலையில் வாழ்பவருக்கு இது உடனே விளங்கும். ஆனையிறங்கல் பக்கத்துச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பனிமூட்டத்தில் ஒருவரையொருவர் அழைக்கும் குரலில் சொல் இருக்காது. மூடுபனியில் மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். உயிரெழுத்துகளே எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய குறிஞ்சி நிலப் பெண்ணின் ‘ஆலோலம்’ என்ற கூவலும், இன்றும் தேனி, மதுரைப் பக்கத்துப் பெண்கள் கோயிலில் எழுப்பும் குலவையும் இந்த வகையினவே. சந்திரபாபுவின் யோடலிங்கை மேனாட்டு இறக்குமதி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். இறக்குமதிதான்; ஆனால் இங்குள்ள காது அதற்கு முன்பே பழகியிருந்தது. அதனால்தான் அது அந்நியமாக ஒலிக்கவில்லை.

பேசும் படத்தை நெடுங்காலம் எதிர்த்து நின்ற சாப்ளின், 1936இன் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில்தான் தம் நாடோடிக்கு முதன்முதலாகக் குரல் கொடுத்தார். அந்தக் குரல் பாடியது பொருளற்ற பாட்டு. பிரெஞ்சு போலவும் இத்தாலியம் போலவும் ஒலிக்கும், எந்த மொழியுமில்லாத பாட்டு. பாட்டின் கதையை அவருடைய கையும் இடுப்பும் சொல்லிவிட்டன. சந்திரபாபுவின் யோடலிங்கை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். மொழி கட்டாயமான காலத்தில் இருவரும் மொழிக்கு வெளியே ஒரு குரலைக் கண்டெடுத்தார்கள்.

6

வீழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். 1960இல் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’. 1961இல் ‘குமார ராஜா’. நாயகனாக நின்றபோது வெற்றி கைகொடுக்கவில்லை. எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. பெரும் கடன் சேர்ந்தது. ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போயிற்று. 1966இல் அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ வெளிவந்தது. தலைப்பு நற்செய்தி நூலிலிருந்து எடுத்தது. கதவு திறக்கவில்லை. குடி கூடியது, வாய்ப்புகள் குறைந்தன. 1974 மார்ச் 8 அன்று, 46 வயதில், காலமானார்.

இந்தப் பகுதியைத்தான் நம் இதழ்களும் காணொலிகளும் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. சிரிக்க வைத்தவன் அழுதுகொண்டே செத்தான் என்ற நீதிக்கதை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவருடைய மணவாழ்வின் துயரம், கடன், மதுப்புட்டி எல்லாம் அதில் வரிசையாக வரும். அவர் ஒரு படிக்கட்டில் எப்படி இறங்கினார் என்பது வராது. 46 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கலைஞரின் வாழ்க்கையை அவருடைய கடைசிச் சில ஆண்டுகளைக் கொண்டு எழுதுகிறோம். பஸ்டர் கீட்டனுக்கும் இப்படித்தான் நடந்தது. 1920களில் உலகின் ஒப்பற்ற உடற்கலைஞராக இருந்தவர், 1928இல் பெரிய நிறுவனத்தின் பிடியில் சிக்கித் தம் படங்களின் மீதான உரிமையை இழந்தார், குடியில் விழுந்தார். ஆனால் பின்னாளில் அவருடைய படங்களைத் தேடி எடுத்துத் திரையிட்டார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே இரண்டாம் முறை கைதட்டினார்கள். இன்று கீட்டனைப் பற்றி எழுதுவோர் அவர் குடித்த மதுவைவிட அவர் விழுந்த விதத்தைப் பற்றியே மிகுதியாக எழுதுகிறார்கள். சந்திரபாபுவுக்கு அந்த இரண்டாம் கைதட்டல் இன்னும் வரவில்லை. நண்பராக இருந்த ஜெயகாந்தன் தம் கலையுலக அனுபவ நூலில் அவரைப் பற்றி எழுதியது போன்ற விதிவிலக்குகள் சில உண்டு.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யும் ‘சர்வர் சுந்தர’மும் நாகேஷை உச்சத்துக்குக் கொண்டுசென்றன. கைகால்களைக் கழற்றி மாட்டுவதுபோல் இயங்கும் அந்த மெலிந்த உடலுக்குக் கொட்டகை முன்பே பழகியிருந்தது, பழக்கியவர் சந்திரபாபு. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த வசனமே இல்லாத படம் வந்தது. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. தமிழில் அதற்கு இட்ட பெயர் ‘பேசும் படம்’. அந்தப் பெயரில் உள்ள குறும்பு, 1931க்குப் பின் தமிழ்த் திரை தன் வாயைப் பற்றித் தானே சிரித்துக்கொண்ட தருணம்.

7

சின்னக்கானலுக்கே திரும்புகிறேன். 1958இல் அம்மாச்சிக்கு வயது 18. அந்தக் காலத்தில் மலையிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்குவதே ஆண்டுக்கு இரண்டொருமுறைதான், திருவிழாவுக்கோ, துணியெடுக்கவோ. இறங்கினால் ஒரு படம் பார்ப்பது உறுதி. பிறகு இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளை லயத்துக்குக் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பராசக்தி வசனத்தைப் பாதி சொல்வார். பொருள் கேட்டால் சிரிப்பார். சந்திரபாபுவைப் பற்றிக் கேட்டால் சொல்ல மாட்டார். எழுந்து நடந்து காட்டுவார். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவரைப்போல் தோளைக் குலுக்கி நடந்து, கூட வேலைசெய்த பெண்களைச் சிரிக்கவைப்பாராம். அம்மா சொல்லியிருக்கிறார். நோய்க்கு முன்னால் அதை ஒருமுறையாவது படம்பிடித்து வைக்காமல் போனேன். பேச்சைப் பதிவுசெய்யும் கருவியோடு ஊரூராகச் சென்ற ஆய்வாளர் நான். என் வீட்டு நடையைப் பதிவுசெய்யத் தோன்றவில்லை. மொழியியல் எனக்குக் கற்றுத்தந்த காது, என் கண்ணைச் சற்று மூடிவிட்டதோ என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவர்களிடம் 1950, 60களின் படங்களைப் பற்றிக் கேளுங்கள். எந்த வசனம் நினைவிருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நடிகரின் நடை நினைவிருக்கிறது, செய்துகாட்ட முடியுமா என்று கேளுங்கள். வால்பாறை, மூணாறு, நீலகிரி, இலங்கை மலையகம் எனத் தோட்டங்களில் பிறந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். தமிழ்ச் சினிமாவின் வரலாற்றைப் பாட்டுப்புத்தகங்களிலிருந்தும் வசனநூல்களிலிருந்தும் எழுதிவிட்டோம். பார்த்தவர்களின் தோளிலும் முழங்காலிலும் தங்கியிருக்கும் பாதி வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அது அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

நேற்றிரவு மீண்டும் அந்தக் காட்சியைப் போட்டேன். அம்மாச்சி பார்த்தார். சந்திரபாபு திரும்பும் இடம் வந்ததும், சோராத இடத்தோளை மெல்ல ஒருமுறை குலுக்கினார். என்னைப் பார்த்து, ‘இந்தா’ என்றார்.

இம்முறை பொருள் விளங்கியது.